வாதம் ஒன்றா, பலவா?

குறிகட்டுவான் இறங்குதுறையிற் காலைப் படகுகள் வந்து தரிக்கும் வேளையில் நின்று பார்ப்பவர்கள், பெரிய கடித உறையொன்றைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு இறங்குவோர் சிலரைக் காணாமற் போகார். உறையினுள் இருப்பது எக்ஸ்றே படம். அதனோடு ஓரம் மடிந்த கிளினிக் கொப்பியும், இரத்தப் பரிசோதனைத் துண்டுகளும் இருக்கும். நெடுந்தீவிலிருந்து ஒரு மணி நேரம் அலையில் ஆடி வந்தவரும், நயினாதீவிலிருந்து கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தவரும் இங்கே ஒரே பஸ்ஸில் ஏறுகின்றனர். புங்குடுதீவைக் கடந்து, வாணர் பாலத்தின் மேற் சென்று, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணை என்று முப்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைப் போக்கி யாழ்ப்பாணத்தில் இறங்கவேண்டும். அவர்களுள் முதியோரை அணுகி, "என்ன வருத்தம்?" என்று வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "வாதம்."

சொல் பழையது, பிழையானதுமன்று. சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்களை எண்பது என எண்ணின. யாழ்ப்பாணத்து அரசர் காலத்ததெனப் போற்றப்படும் பரராசசேகரம் என்னும் வைத்திய நூலை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தேடித் தொகுத்து அச்சேற்றினார்கள். அத்தகைய நூல்களைப் புரட்டினோர், பண்டை வைத்தியர் இடமும் குணமும் நோக்கி நோயைப் பிரித்தறிய எத்துணை முயன்றனர் என்பதை உணர்வர். மேனாட்டு மருத்துவரும் மூட்டு நோய்கள் நூற்றுக்கு மேற்பட்டவை என்றே கூறுகின்றனர். நூலோர் எண்பதாகவும் நூறாகவும் வகுத்ததை ஊரார் ஒன்றாக மடித்து வைத்துவிட்டனர்.

நாம் இவ்விறங்குதுறைக்குக் கூப்பிடு தூரத்தில் வாழும் ஒரு கணவனும் மனைவியும். எம் இருவருக்கும் அந்த ஒற்றைச் சொல்லே வழங்கப்பட்டது. ஒருவருக்கு முழங்கால் நொந்தது. மற்றவருக்குக் கைவிரல்கள் நொந்தன. பெயர் எதற்கு? முழங்காலார் என்றும் விரலார் என்றும் குறிப்பிடுவோம். ஒரே கூரையின் கீழ், ஒரே கிணற்று நீரைக் குடித்து, ஒரே சட்டியிலிருந்து உண்ணும் இருவருக்கு வந்தது இரண்டு வெவ்வேறு நோய்கள் என்பதை அறிய ஒன்றரை ஆண்டும் பல பஸ் பயணங்களும் வேண்டியிருந்தன.

எமக்கு முன்னரே ஒரு நோய், விடையைத் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு தனித்துக் கிடந்த அக்காலத்தில், ஆண்டின் கடைசி மாதங்களில் சிக்குன்குனியாக் காய்ச்சல் யாழ்ப்பாணமெங்கும் பரவிற்று. அப்பெயர் ஆபிரிக்காவிலுள்ள மக்கொண்டே மக்களின் மொழியிலிருந்து வந்தது. வளைந்து முடங்கிப் போவது என்பது அதன் கருத்து. 1952ஆம் ஆண்டில், இப்பொழுது தன்சானியா எனப்படும் நாட்டிலே, அது முதன்முதல் இனங்காணப்பட்டது. கருத்துக்கு ஏற்பவே எம்மூரவர் அனைவரும் அவ்வாண்டில் வளைந்து நடந்தனர். நாம் இருவரும் அதிற் கிடந்து எழும்பினோம். சில கிழமைகளில் வலி நீங்கிற்று. சிலருக்கு மாதக் கணக்கில் நின்றது. அன்றுதொட்டு, தீவுப் பகுதியிலே எவருக்கு எந்த மூட்டு நொந்தாலும் அந்தக் காய்ச்சலின் மீதி என்பது வழக்காயிற்று. பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வழக்கு மாறவில்லை.

முழங்காலாரின் கதை குறுகியது. 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஓர் இரவு, நன்றாயிருந்த வலது முழங்கால் திடீரென வீங்கிச் சிவந்து சுடத் தொடங்கியது. போர்த்திய சீலையின் பாரத்தையும் அது பொறுக்கவில்லை. உடம்பும் சற்றே காய்ந்தது. எரிபொருளுக்குப் பங்கீட்டு முறை நடந்த காலம் அது. பெற்றோல் உள்ள ஓட்டோ ஒன்று கிடைத்ததே பெரும் பேறு. "விடியட்டும், நல்லெண்ணெய் பூசி ஒத்தணம் குடுத்துப் பாப்பம்" என்றார் அயல் வீட்டு மாமி. விடியுமுன்பே புறப்பட்டோம்.

அங்கே மருத்துவர் கையில் இரத்தம் எடுப்பார் என்று எண்ணியிருந்தோம். அவரோ முழங்காலுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி நீரை இழுத்தார். இரத்தம் பின்பு, இதுவே முதலில் என்றார். காரணத்தையும் சொன்னார். ஒரேயொரு மூட்டு திடீரென வீங்கிக் காய்ச்சலும் கூடியிருந்தால், அதனுட் கிருமி புகுந்திருக்கலாம். அவ்வாறாயின் சில நாட்களுக்குள் குருத்தெலும்பு அழிந்துபோகும். கிருமி இரத்தத்திற் பரவினால் உயிருக்கும் இடர். ஆதலால் அந்த ஐயத்தை அன்றே தீர்க்கவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு அன்பர்கள் இதனைச் சிறிது மனத்தில் இருத்திக்கொள்வார்களாக. மூட்டு வலிகளுட் பெரும்பாலானவை அடுத்த படகுக்கும் அடுத்த கிழமைக்கும் காத்திருக்கக் கூடியவை. இது ஒன்று காத்திராது.

நல்ல மூட்டிலுள்ள நீர் முட்டையின் வெண்கருவைப் போலத் தெளிந்து வழுவழுப்பாயிருக்குமாம். எமது ஊசிக்குழலில் வந்தது கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. கிருமி இல்லை. ஆனால் நுண்காட்டியின் கீழ் ஊசி ஊசியாய்ப் பளிங்குகள் தெரிந்தன. அவை யூரிக் அமிலத்தின் உப்பு. நோயின் பெயர் கவுட்.

இங்கே ஒரு வேடிக்கை. அதே நாளில் எடுத்த இரத்தத்தில் யூரிக் அமிலம் 6.1 மில்லிகிராம் என்றிருந்தது; தாளில் அச்சிட்டிருந்த மேல் எல்லை 7. தாளை மட்டும் பார்த்தவர் எவரும், இது கவுட் அன்று என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார். நோய் கொதித்து எழும் நாட்களில் இரத்தத்திலுள்ள யூரிக் அமிலம் சிலருக்குத் தாழ்ந்து காட்டுமென்றும், அடங்கிய பின் மீண்டும் பார்க்கவேண்டுமென்றும் மருத்துவர் கூறினார். நான்கு கிழமைகளின் பின் அது 8.7 ஆயிற்று. பரிசோதனை பொய் சொல்லவில்லை. வேளை தவறிக் கேட்டால் அது வேறு விடை சொல்லும்.

இந்நோயின் வரலாற்றிலே யாழ்ப்பாணத்தவர் எளிதில் விளங்கிக்கொள்ளக் கூடிய ஒரு பகுதி உண்டு. பனங்கற்கண்டு செய்வோர் பாகினுள் நூலைத் தொங்கவிட்டு வைப்பர். நாள் செல்லச் செல்ல நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு விளையும். இலண்டனில் அல்பிரட் பாரிங் கறொட் என்னும் மருத்துவர் ஏறக்குறைய இதனையே மனித இரத்தத்தைக் கொண்டு செய்தார். கவுட் நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுதியாக உள்ளதென்பதை அவர் 1848இல் வெளிப்படுத்தினார். சில ஆண்டுகளின் பின், இரத்தத்தின் தெளிந்த நீரை ஒரு தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, சிறிது வினிகர் அமிலம் சேர்த்து, அதனுள் ஓரிரு நூலிழைகளை இட்டு வைத்தார். ஒன்றிரண்டு நாட்களில் நூலின்மேற் பளிங்குகள் ஏறின. நோயற்றவரின் இரத்தத்திலிட்ட நூல் வெறும் நூலாகவே கிடந்தது. மருத்துவ ஆய்வுகூடம் என்பது இன்றுள்ளதுபோல் இல்லாத காலத்தில், ஒரு கிண்ணமும் நூலும் கொண்டு ஒரு மூட்டு நோயை மற்றொன்றிலிருந்து பிரித்தார். மூட்டிலிருந்து எடுத்த நீரை முனைவாக்கிய ஒளியிற் பார்த்து, கவுட்டின் ஊசிப் பளிங்குகளை ஐயத்துக்கிடமின்றி அறியலாம் என்பதைப் பிலடெல்பியாவைச் சேர்ந்த மக்கார்ட்டி, ஹொலன்டர் என்னும் இருவர் 1961இல் எழுதினர். மறு ஆண்டிலேயே, கவுட்டைப் போல நடித்து வேறு பளிங்குகளால் வரும் நோய் ஒன்றும் தனியே பிரிக்கப்பட்டது.

முழங்காலாருக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் குளிசை எழுதப்பட்டது. அளவு 6க்குக் கீழே நிற்கவேண்டும் என்பது கட்டளை. நண்டு, இறால், கருவாடு, கள்ளு என்று தீவாரின் இன்பங்கள் யாவற்றையும் மருத்துவர் வரிசையாக உச்சரித்தபோது, அவர் எம்மூரிற் பிறந்தவரோ என்று ஐயுற்றோம்.

இனி விரலார். 2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் இது தொடங்கிற்று. விரலார் பனையோலை இழைப்பவர். பெட்டி, கடகம், நீற்றுப்பெட்டி என்று இழைத்துக் கொடுத்து, அதிலே வரும் சிறு பணத்தைத் தமதென வைத்துக்கொள்பவர். வீட்டிலே கணக்குக் கேட்கப்படாத ஒரே பணம் அது. ஓலையை இறுக்கிப் பிடிக்கும் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் பலம் குன்றியது. காலையில் விரல்கள் மடங்கமாட்டா. மோதிரம் கழலவில்லை. தேங்காய் துருவுகையில் கண்ணீர் வந்தது; அதை வெங்காயத்தின்மேற் சாட்டினார்.

ஊர் உடனே கூடி நோயை நிச்சயித்தது. ஒரு சாரார், "உது சிக்குன்குனியாவின்ரை மிச்சம் பிள்ளை, தானாப் போயிடும்" என்றனர். மற்றொரு சாரார், "அண்ணைக்கு வந்ததுதான் உங்களுக்கும் வந்திருக்கு. ஒரே சமையல்தானே? அவற்றை குளிசையிலை பாதியைப் போடுங்கோவன்" என்றனர். இவ்விரண்டாவது அறிவுரை அன்பினால் வந்தது. ஆயினும் அன்பினால் வரும் குளிசையைப் போல் அஞ்சத் தக்கது வேறில்லை. அலமாரியின் மேற்றட்டில் முழங்காலாரின் குளிசைகள் இருந்தன. கை நீட்டினால் எட்டும் தூரம். விரலார் நீட்டவில்லை.

பத்துக் கிழமை சென்ற பின், சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும், யாழ்ப்பாணத்திலுள்ள மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் இரத்தம் எடுக்க அவசரப்படவில்லை. முதலிற் கேட்டது இது:

"அம்மா, காலமை எழும்பினவுடனை விரல் மடக்க ஏலுதோ? விறைப்பு எவ்வளவு நேரம் நிக்கும்?"

"தேத்தண்ணி வைச்சுக் குடிச்சு, முத்தம் கூட்டி, கோழிக்குத் தீனி போட்டு முடியுமட்டும் நிக்கும் டொக்டர்."

"முத்தம் பெரிசோ?"

"ரெண்டு பரப்பு."

மருத்துவர் நகைத்தார், ஆனால் அதனையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். தேய்ந்துபோன மூட்டும் காலையில் விறைக்கும். அவ்விறைப்புப் பெரும்பாலும் அரை மணி நேரத்துள் நீங்கிவிடும். உடம்பே தன் மூட்டைப் பகையென்று கருதித் தாக்கும் ரூமற்றொயிட் என்னும் வாதத்தில் அது ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். இரண்டு பரப்பு முற்றத்தைக் கூட்டும் நேரம் என்பது ஓர் ஆய்வுகூட அளவு அன்று. ஆயினும் நல்ல மருத்துவருக்கு அது போதுமானது.

பின்பு இரு கைகளின் முட்டிகளையும் இலேசாக ஒருசேர அழுத்தினார். விரலார் கையை இழுத்துக்கொண்டார். நகத்தை அடுத்த கடைசி மூட்டுக்கள் நோகவில்லை. முட்டிகளும் நடு மூட்டுக்களுமே வீங்கியிருந்தன. இரு கைகளும் ஒத்து நொந்தன. மொத்தம் எட்டு மூட்டுக்கள். நயினாதீவிலுள்ள எம் மைத்துனிக்குக் கடைசி மூட்டுக்களில் கடலை போன்ற முண்டுகள் உண்டு. அது வயதினால் வரும் தேய்வு. பல வேளைகளில் அதற்கு இரத்தப் பரிசோதனையே வேண்டியதில்லை என்று அன்றுதான் அறிந்தோம்.

பின்னரே இரத்தம். எமக்கு விளங்கிய அளவில் அதனை இங்கே எழுதுகின்றோம்.

ஈ.எஸ்.ஆர். என்பது பழைய பரிசோதனை. சுவீடன் நாட்டு மருத்துவர்களான பாரேயஸ், வெஸ்டர்கிறென் என்போர் நூறாண்டுக்கு முன் வகுத்தது. இரத்தத்தை உயரமான ஒடுங்கிய குழாயில் நிறுத்தி, சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் தாழ்கின்றன என்று பார்ப்பர். உடம்பில் எங்கேனும் அழற்சி இருந்தால் அவை விரைந்து தாழும். பெண்களுக்கு வயதுடன் பத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் பொறுக்கத்தக்க மேல் எல்லை கிடைக்கும். ஆண்களுக்கு வயதிற் பாதி. விரலாருக்கு 33 வரை இருக்கலாம், இருந்தது 68. (வாசகர்கள் கணக்கிட்டு அவர் வயதைக் கண்டுபிடிக்கலாம், அவர் அதை ஆட்சேபிக்கிறார்.) இப்பரிசோதனை வீடு எரிகின்றது என்று மாத்திரமே சொல்லும், எந்த அறை என்று சொல்லாது.

அடுத்தது ரூமற்றொயிட் காரணி. நோர்வே நாட்டு எரிக் வாலர் என்பவர், ஆட்டின் சிவப்பணுக்களை நோயாளரின் இரத்த நீர் கட்டிபட்டுச் சேரச் செய்வதைக் கண்டு 1940இல் எழுதினார். நியூயோர்க்கில் ரோஸ் என்பார் 1948இல் அதையே மீண்டும் கண்டனர். இக்காரணி இந்நோயுடையோரில் நூற்றுக்கு எழுபது எண்பது பேரிடம் காணப்படும். அதாவது எஞ்சியோரிடம் காணப்படாது. அன்றியும் நோயேயில்லாத முதியோர் சிலரிடமும், ஈரல் அழற்சி, காசநோய் முதலிய பிற நோயுடையோரிடமும் காணப்படும். எம் உறவினர் ஒருவர், உடம்பு முழுவதையும் சோதிக்கும் மலிவான திட்டமொன்றில் இதனையும் எடுத்து, "உண்டு" என வரக் கண்டு, மூன்று மாதம் உறக்கமின்றிக் கிடந்தார். அவருக்கு எந்த மூட்டும் நொந்ததில்லை, இன்றும் மரமேறுகிறார்.

விரலாருக்கு இப்பரிசோதனை "இல்லை" என வந்தது.

அந்த மாலை வீட்டில் ஒரு சிறு கொண்டாட்டம் நடந்தது. "வாதமில்லையாம்!" என்ற செய்தி இறங்குதுறை வரை சென்றது. அயல் வீட்டு மாமி நயினை நாகபூசணி அம்மனுக்கு ஓர் அர்ச்சனையும் நேர்ந்துவிட்டார். அச்செய்தியை மருத்துவரிடம் நாமே கொண்டுபோனபோது அவர் முகம் மாறவில்லை. "உங்கடை முத்தத்தை நான் இன்னும் மறக்கேல்லை அம்மா" என்று சொல்லி, இன்னொரு துண்டு எழுதினார்.

அது சீ.சீ.பி. எதிர்ப்பொருட் பரிசோதனை. வெளியே பணங்கட்டிச் செய்விக்க நேர்ந்தது. ஒரு கிழமை வீட்டுச் செலவு அதிற் போயிற்று. முடிவு வரப் பதினொரு நாள் ஆயிற்று. அந்நாட்களில் விரலார் ஓலையைத் தொடவில்லை. இழைக்கப்படாத சார்வோலை மூலையிற் காய்ந்து முறுகியது. நாம் அதனைப் பற்றிப் பேசிக்கொள்ளவுமில்லை.

இப்பரிசோதனைக்கு வேர், நம்புவதற்கரியதாக, வத்தகப்பழத்தில் உள்ளது. 1914இல் யப்பானியர் இருவர் வத்தகப்பழச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். வத்தகையின் இலத்தீன் பெயரையொட்டி அதற்குச் சிற்றுலின் என்ற பெயர் வந்தது. எம் உடம்பிலுள்ள புரதங்களிலும் சில வேளைகளில் இப்பொருள் உண்டாகும். அவ்வாறு மாறிய புரதத்தை அந்நியனென்று கருதி உடம்பு படை திரட்டும். அப்படையை இனங்காணும் வழியை ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் 1998இல் வெளியிட்டனர். அதிலிருந்தே இப்பரிசோதனை பிறந்தது. பழைய காரணியைப் போல இது கண்டவரிடமெல்லாம் தலைகாட்டுவதில்லை. இது மிகுந்து காணப்பட்டால் நோய் அதுவே என்று பெரும்பாலும் துணியலாம். வத்தகப்பழம் உண்பதற்கும் இந்நோய்க்கும் தொடர்பு யாதுமில்லை என்பதை, பழ வியாபாரிகளின் பொருட்டு இங்கே சொல்லி வைக்கிறோம்.

ஒல்லாந்து என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. எம் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நகரங்களின் பெயரைச் சூட்டிச் சென்றனர். நெடுந்தீவு டெல்வ்ற், புங்குடுதீவு மிடில்பேர்க், வேலணைத் தீவு லெய்டன். அந்த மூல லெய்டன் நகரத்துப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், மூட்டு வீங்கத் தொடங்கியவர்களை நாள் கடத்தாமற் பார்ப்பதற்கென்றே 1993இல் ஒரு தனிக் கிளினிக் தொடங்கினர். இந்நோயில் எலும்பு அரிக்கப்படுவது முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடும்; அரித்த எலும்பு மீளாது; ஆதலால் முதற் சில மாதங்களே மருந்துக்கு உகந்த காலம். அந்த லெய்டனில் வீங்கிய விரலுக்கு உள்ள வசதி, பண்ணைத் தாம்போதிக்கு அப்பால் உள்ள இந்த லெய்டனில் இல்லை. இங்கே ஒரு பரிசோதனை என்றால் ஒரு நாட் கூலி, ஒரு பஸ், அப்பாலுள்ள தீவாருக்கு ஒரு படகும். துண்டை வாங்க மீண்டும் அவ்வளவு. நாம் தரைவழியே போகக் கூடியவர்கள். நெடுந்தீவிலே காற்றுக் கடுத்துப் படகு நிற்கும் நாட்களை எண்ணிப் பார்த்தால், ஆறு மாதம் எவ்வளவு விரைவில் ஓடும் என்பது விளங்கும்.

முடிவு வந்தது. மேல் எல்லை 20 என்றிருந்த தாளில் 200க்கு மேல் என அச்சிட்டிருந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலேயே நூல்களையும் வெளியிட்டார். ஒன்றே முக்கால் நூற்றாண்டின் பின், தன் விரலில் இருப்பது என்ன என்பதை ஒரு தமிழ்ப் பெண் தன் துண்டைப் பார்த்துத் தானே வாசித்தறிய இயலவில்லை என்பது எமக்கு உறுத்தலாகவே உள்ளது. துண்டின் அடியிலே இரண்டு வரி தமிழில் அச்சிட எவ்வளவு மை செலவாகும்?

சிக்குன்குனியாவையும் மருத்துவர் புறக்கணிக்கவில்லை. அக்காய்ச்சலின் பின் வரும் மூட்டு வீக்கம் இந்நோயைப் போலவே தோன்றும் என்றும், ஆதலால் அதையும் பார்த்தல் முறை என்றும் கூறி இரத்தம் அனுப்பியிருந்தார். புதிய தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள் இல்லை. பழைய தொற்றின் சுவடு மட்டும் இருந்தது. அது 2006ஆம் ஆண்டின் கதை. கைகளின் எக்ஸ்றே படத்தில் எலும்பு எங்கும் அரிக்கப்பட்டிருக்கவில்லை. "நல்ல வேளைக்கு வந்திட்டியள்" என்றார்.

அன்று அவர் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டியதை மறக்க முடியாது. அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவர் சங்கங்கள் 2010இல் சேர்ந்து வகுத்த முறையில், பத்துக்கு ஆறு புள்ளி வந்தால் அது ரூமற்றொயிட் வாதம் எனக் கொள்ளலாம். வீங்கிய மூட்டுக்களுக்கு அதிகபட்சம் ஐந்து, எதிர்ப்பொருள்களுக்கு மூன்று, ஈ.எஸ்.ஆர். போன்றவற்றுக்கு ஒன்று, ஆறு கிழமைக்கு மேல் நீடித்தால் ஒன்று. விரலாருக்கு மூன்று, மூன்று, ஒன்று, ஒன்று, ஆக எட்டு. உற்று நோக்கினால், பத்திலே இரத்தத்துக்கு உரியவை நான்கே. மருத்துவரின் விரலுக்கும் நோயாளியின் நாட்கணக்குக்கும் உரியவை ஆறு. ஆகவே, மருத்துவரைக் காணாமல் நேரே ஆய்வுகூடத்துக்குச் சென்று, "வாதத்துக்குச் சோதிச்சு விடுங்கோ" என்று பணம் கட்டுவோர், விடையில் ஆறு பங்கை வீட்டிலே விட்டுவிட்டுப் போகின்றனர் என்பது எம் கருத்து.

மருந்து மெதொற்றெக்சேற் என்னும் குளிசை. தொடங்குமுன் ஈரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் ஆகியவற்றைப் பார்த்தனர். நெஞ்சுப் படமும் எடுத்தனர். இக்குளிசை வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரம் உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. மற்றெல்லாக் குளிசைகளையும் காலை மாலை என்று உண்டு பழகிய முதியோர் வீட்டில் இதனை ஒருவருக்கு இருவர் கவனித்தல் வேண்டும். எம் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமைக் குளிசை. பெட்டியின்மேல் முழங்காலார் பெரிய எழுத்தில் "ஞாயிறு" என்று எழுதி ஒட்டி, வேறு தட்டில் வைத்தார். வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். ஆறு கிழமை யாதொரு மாற்றமும் இல்லை. அதுவும் முன்னரே சொல்லப்பட்டதுதான். பத்தாம் கிழமையில் ஒரு காலை, விரலார் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு முற்றம் கூட்ட வந்தார், வரிசை மாறியிருந்தது. நாம் எதுவும் சொல்லவில்லை. மறு மாதம் மோதிரம் சுழன்றது. இப்பொழுது கடகம் இழைக்கிறார். விளிம்பு கட்டும் வேலையை மட்டும் முழங்காலாரிடம் தள்ளிவிடுகிறார். அது நோயினாலா, தந்திரத்தாலா என்பது எந்தப் பரிசோதனைக்கும் எட்டாத வினா.

எம் மகள் கனடாவில் இருக்கிறாள். செய்தி அறிந்து தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, உது பரம்பரையாலை வருமெண்டு சொல்லீனம். நானும் அந்த இரத்தத்தைச் சோதிச்சுப் பாக்கட்டே?"

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் கேட்டோம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்புச் சற்றுக் கூடும், ஆனால் வலியும் வீக்கமும் இல்லாதவருக்கு இப்பரிசோதனை வேண்டியதில்லை, காலை விறைப்பு ஆறு கிழமை நின்றால் உடனே காட்டச் சொல்லுங்கள் என்றார். புகைப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அன்றிரவு விரலார் இவையனைத்தையும் மகளுக்கு ஒப்புவித்தார். "என்னெண்டாலும் நான் எடுக்கத்தான் போறன் அம்மா" என்றாள் அவள். விரலார் அதற்கு மறுமொழி கூறவில்லை. மருமகனிடம் தொலைபேசியைக் கொடுக்கும்படி கேட்டு, சிகரெட்டை விட்டுவிட்டாரா என்று விசாரித்தார்.